போலந்துக்காரியின் பட்டறையில் பொன்னுருக்கு

இரண்டு வருடங்களுக்கு முன், உயிர்த்த ஞாயிறு கழிந்த கையோடு, இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் நடந்தது இது. நான் மன்னார்ப் பக்கத்துப் பெண். இங்கே வந்து கனகாலமாகிவிட்டது. லிபெர்த்தா வீதியில் ஒரு சிஞ்ஞோரா, அதாவது ஒரு இத்தாலிய அம்மா வீட்டில் சமைப்பதும் துடைப்பதும், அவர் குறை சொல்லும்போது தலையாட்டுவதும் என் வேலை. பிடிவாதக்காரி என்று எங்கள் சனத்துக்குள் எனக்கு ஒரு பெயர் உண்டு. அதை நான் மறுப்பதில்லை. இதைப் படித்து முடித்ததும் நீங்களும் அதையேதான் சொல்லப்போகிறீர்கள்.

அப்போது என் ஒரே மகனுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டார் இதே நகரத்தில் ஒரேத்தோப் பக்கம் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், நல்ல மனிதர்கள். கோயிலில் நாள் எடுத்தாயிற்று, மண்டபம் பேசியாயிற்று, யாரைக் கூப்பிடாவிட்டால் யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள் என்பதும் கதைத்து முடிந்தது. மிச்சம் இருந்தது தாலி மட்டும்தான். அந்த இடத்தில்தான் நான் எல்லோருக்கும் தலையிடியானேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் கலியாணத்துக்கு முன் பொன்னுருக்கு என்று ஒரு சடங்கு உண்டு. நாங்கள் வேதக்காரர்தான், ஆனாலும் எங்கள் குடும்பத்தில் அதை விட்டதில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒரு பவுண் காசு கொடுப்பார்கள். இரண்டு வீட்டாரும் சுற்றி நிற்க, பத்தர் அதை நெருப்பில் உருக்குவார். உருகிய பொன்னைத் தட்டில் வைத்துப் பெண் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டுவோம். பிறகு அதே பொன்னில் தாலி செய்வார்கள். எங்கள் தாலியில் விரித்த வேதப் புத்தகமும் அதன்மேல் ஒரு புறாவும் இருக்கும்.

அந்தப் பவுண் காசு என்னிடம் இருந்தது. என் கணவர் மன்னாரில் கடலட்டை எடுக்கக் கடலடிக்குச் சுழியோடியவர். மகன் பிறந்த வருடம் கடல் அள்ளிக் கொடுத்தது. அந்த உழைப்பில் ஒரு பவுண் காசு வாங்கிவந்து, பிள்ளையின் உள்ளங்கையில் வைத்துப் பொத்தி, இது இவனுடைய தாலிக்கு என்றார். அதற்குப் பிறகு போரில் எத்தனையோ தடவை இடம்பெயர்ந்தோம். காப்பு போனது, சங்கிலி போனது, காதில் கிடந்ததும் போனது. காசு மட்டும் போகவில்லை. ஒரு நாள் வேறு வழியில்லாமல் அவரே, விற்போமா என்று கேட்டார். நான் காசைச் செபமாலைப் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டினேன். அவர் மறுபடி கேட்கவும் இல்லை. பலெர்மோவுக்கும் அது அந்தப் பைக்குள்ளேயே வந்து சேர்ந்தது. அவர் இங்கே ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். மகனுடைய கலியாணத்தைக் காணாமலே, நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

ஆகவே அந்தக் காசைத்தான் உருக்க வேண்டும், அதுவும் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் உருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். பலெர்மோவில் எங்கள் பத்தர் ஒருவரும் இல்லை. பாரிஸில் கடை கடையாகத் தாலி தொங்குகிறது, ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தால் போயிற்று என்றார்கள். காசை ஊருக்கு அனுப்பிச் செய்விக்கலாம் என்றார்கள். மகன் இங்கேயே படித்து வளர்ந்தவன், எதையும் சுலபமாக முடிக்கப் பார்ப்பான். தங்கம் எல்லாம் தங்கம்தானே அம்மா என்றான். அப்படியானால் அம்மா எல்லாம் அம்மாதானே, நாளைக்கு வேறொருத்தியைக் கூட்டிக்கொண்டு வா என்றேன். அதன்பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இத்தாலிக்காரரின் நகைக்கடைகளில் ஏறி இறங்கினேன். வைத்துவிட்டுப் போங்கள், அடுத்த கிழமை வாருங்கள் என்றார்கள். நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்றதும் சிரித்தார்கள். சில கடைகளில் உருக்குகிற வேலையே அங்கே நடப்பதில்லையாம், எங்கேயோ ஒரு தொழிற்சாலைக்குப் போகுமாம். பத்துப் பேரோடு வந்து நிற்கலாமா என்று கேட்ட கடையில், கடைக்காரர் வாசலைக் காட்டிவிட்டார். என்னைக் கள்ளி என்று நினைத்தாரோ, விசர் பிடித்த பைத்தியக்காரி என்று நினைத்தாரோ தெரியாது.

இந்த அலைச்சலுக்கு நடுவில் எங்கள் சிஞ்ஞோரா ஒரு காரியம் செய்தார். அவருடைய சமையலறையில் போலந்து மண் பாத்திரங்கள் அடுக்கி வைத்திருப்பார். தடித்த வெள்ளை மண், மேலே முழுக்கக் கடல் நீலத்தில் பொட்டுப் பொட்டாக இருக்கும். என்னைத் தவிர வேறு யாரையும் அதைக் கழுவ விடமாட்டார், என்னிடமும் ஒவ்வொரு முறையும் கவனம் கவனம் என்பார். ஒரு நாள் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியின் மூடியை அவரே கொண்டுபோய்ப் பச்சைத் தண்ணீரில் பிடித்தார். அது படாரென்று வெடித்தது. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்தான். அதே மாதிரி மூடி ஒன்று வாங்கிவரும்படி பொலிதேயாமாப் பக்கம் ஒரு கடையின் பெயரை எழுதித் தந்து அனுப்பினார்.

பெரிய கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் இருந்தது அந்தக் கடை. சுவர் முழுக்கத் தட்டும் கோப்பையும் தண்ணீர்க் கூசாவும். நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளி நகைகள், அதில் பதித்த மஞ்சள் கற்கள். கல் என்றா சொன்னேன், அது கல் இல்லை. இத்தாலியில் அம்ப்ரா என்கிறார்கள். பழங்காலத்து மரப்பிசின், கடலடியில் கிடந்து இறுகிப் போனதாம். பனங்கட்டிப் பாகின் நிறம். நான் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், திரைக்குப் பின்னால் உஸ் என்று ஒரு சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தேன். தலையில் துணி கட்டிய ஒரு பெண், என் வயது இருக்கும், காஸ் நெருப்பை ஒரு கையில் பிடித்தபடி ஒரு சின்ன மண் கிண்ணத்துக்குள் வெள்ளியை உருக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் பத்தர்மார் மூசை என்பார்களே, அதே கிண்ணம். உலோகம் இளகப் போடுகிற வெங்காரப் பொடியைக்கூட அவர்கள் தூவுகிற மாதிரியே தூவினாள். இந்த ஊரில் நெருப்பை வைத்துக்கொண்டு கண் முன்னால் உலோகம் உருக்குகிற ஒருத்தியைக் கண்டுபிடித்துவிட்டேன். மூடியை மறந்தே போனேன்.

அவள் போலந்துக்காரி. அவளுக்கும் இத்தாலி அரைகுறை, எனக்கும் அரைகுறை. அதனால் இருவரும் சுற்றி வளைக்காமல் கதைத்தோம். என் காரியத்தைச் சொன்னேன். முடியாது என்றாள். தங்கம் தொடுவதில்லை, வெள்ளியும் அம்ப்ராவும் மட்டும்தான் என்றாள். வேலை செய்கிற இடத்துக்குள் ஆட்களை விடுவதும் இல்லையாம். மூடியைக் கடதாசியில் சுற்றித் தந்து அனுப்பிவிட்டாள்.

நான் விடவில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் அந்தச் சந்துக்குள் திரும்பிவிடுவேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டுவாள், நான் ஒரு முக்காலியில் குந்துவேன். சில நாள் நான் கொண்டுபோன ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டே முடியாது என்பாள். தட்டுகளின் கதையை அவள்தான் சொன்னாள். அவளுடைய ஊரில் பெண்கள் கடற்பஞ்சுத் துண்டில் அச்சு வெட்டி, நீலத்தில் தோய்த்து, ஒவ்வொரு பொட்டாகக் கையால் குத்துவார்களாம். அவளுடைய அக்கா இன்னும் அந்த வேலைதான் செய்கிறாளாம். வட்டத்துக்குள் வட்டமாக இருக்கிற அந்தப் பொட்டுக்கு மயில்கண் என்று அவர்களுடைய பாஷையில் பெயராம். போலந்தில் மயிலுக்கு எங்கே போனீர்கள் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். புருசன் எங்கே என்று கேட்டபோதும் அதே மாதிரித்தான் குலுக்கினாள்.

ஒரு நாள் காசைக் கையோடு கொண்டுபோய் மேசையில் வைத்தேன். கணவர் சொன்னதையும் சொன்னேன். அவள் வெகுநேரம் அந்தக் காசைப் பார்த்தாள், ஆனால் தொடவில்லை. பிறகுதான் உண்மையான காரணம் வெளியே வந்தது. முன்பு ஒரு பெண் தன் தங்கச் சங்கிலியை உருக்கி மோதிரமாக்கித் தரச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். மோதிரத்தை வாங்கும்போது, இது என் தங்கமில்லை, மாற்றிவிட்டாய் என்று தெருவில் நின்று கத்தியிருக்கிறாள். மாற்றவில்லை என்று எப்படிக் காட்டுவது? உருகின பொன்னில் ஊரும் பேருமா எழுதியிருக்கிறது? அன்றிலிருந்து அடுத்தவருடைய தங்கத்தில் கை வைப்பதில்லை என்று முடிவு எடுத்திருக்கிறாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்காகத்தானே அம்மா நாங்கள் பத்துப் பேர் வந்து சுற்றி நிற்கிறோம் என்றேன். போட்ட பொன்தான் உருகியது, உருகிய பொன்தான் தாலியானது என்று இரண்டு வீடும் கண்ணால் காணத்தான் இந்தச் சடங்கே. உன் பயமும் எங்கள் பயமும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரிந்த இத்தாலி முழுவதையும் திரட்டிச் சொன்னேன். அவள் காதைச் சொறிந்துகொண்டு யோசித்தாள். சரி என்றாள். ஆனால் தன் பட்டறைக்கு ஒரு சட்டம் உண்டு என்றாள்.

"உலோகத்தைக் கொண்டுவந்தவர் தன் கையால் கிண்ணத்துக்குள் போட வேண்டும். அதுவரைக்கும் நான் அதைத் தொடமாட்டேன். போட்டால்தான் நெருப்புப் பற்றவைப்பேன்."

ஓம், ஓம் என்றேன். காரியம் கைகூடிய சந்தோஷத்தில், அவள் என்ன சொன்னாள் என்பதை நான் நின்று யோசிக்கவே இல்லை.

பொன்னுருக்குக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு என்று ஒழுங்கு செய்தோம். கத்தானியாவிலிருந்து என் மச்சாள் வந்தா. கணவருடைய மூத்த அக்கா. எங்கள் குடும்பத்தில் நல்லது கெட்டது எதுவானாலும் அவதான் முன்னுக்கு நிற்பா. என்னில் பாசம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர் இறந்தபோது கூட இருந்து என்னைச் சாப்பிட வைத்தவ அவதான். பூசைக்கு வெளிக்கிடும்போது என் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டே, சத்தத்தைத் தாழ்த்திச் சொன்னா:

"குறை நினையாதை. காசை நான் போடுறன். நீ கொஞ்சம் பின்னாலை நில்."

குறை நினைக்க ஒன்றும் இல்லை. புருசன் இல்லாதவள் நல்ல காரியத்தில் முன்னுக்கு வருவதில்லை என்பது எங்கள் ஆட்களுக்குள் எழுதாத சட்டம். பங்குச் சுவாமியார் எத்தனை பிரசங்கம் வைத்தாலும் அது போகவில்லை. நானும் அவர் போனதிலிருந்து எந்த மண்டபத்திலும் கதவோரத்துக் கதிரையில்தான் குந்துகிறேன். யாரும் என்னைத் தள்ளவில்லை, நானாகப் போய் இருந்துவிடுவேன். காசு உருகினால் போதும், யார் கை போட்டால் என்ன என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனாலும் அந்தக் காசை மச்சாளின் கையில் கொடுக்கும்போது என் விரல் லேசில் விரியவில்லை.

கடையைச் சாத்திவிட்டு, பின்பக்கம் பட்டறைக்குள் எங்களை விட்டாள் போலந்துக்காரி. பட்டறை எங்கள் குளியலறையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. மகன், மச்சாள், பெண்ணின் அப்பா அம்மா, இன்னும் சில உறவுகள். கலியாணப் பெண் இதற்கு வருவது வழக்கமில்லை. எல்லோரும் வயிற்றை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு, தட்டு அலுமாரிகளில் சேலைத்தலைப்பு மாட்டாமல் நின்றார்கள். நான் எல்லோருக்கும் பின்னால், திரைச்சீலைக்குப் பக்கத்தில், அடுக்கி வைத்த சட்டிகளோடு ஒரு சட்டியாக நின்றேன்.

நிறைகுடம் வைக்கப் பார்த்தால் செம்பைக் காணோம். மகன் அதைக் கோயிலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான். மச்சாளின் முகம் கறுத்தது. என்ன பிரச்சினை என்று கேட்ட போலந்துக்காரி, அலுமாரியிலிருந்து ஒரு கூசாவை இறக்கித் தந்தாள். கைபிடி வைத்த, வயிறு பெருத்த, மயில்கண் போட்ட கூசா. கைபிடி வைத்த நிறைகுடத்தை எங்கேயாவது கண்டிருக்கிறோமா என்று ஒருவரையொருவர் பார்த்தோம். வேறு வழியில்லை. தண்ணீர் நிரப்பி, மாவிலைக்குப் பதிலாக எலுமிச்சை இலையைச் செருகி, தேங்காயை வைத்தார்கள். என்ன அதிசயமோ, அளவெடுத்த மாதிரிப் பொருந்தி இருந்தது.

சாம்பிராணியும் அதே பையோடு கோயிலில் நின்றுவிட்டது. அதற்கும் அவளிடம் மருந்து இருந்தது. அம்ப்ராவை அராவும்போது விழுகிற தூளை ஒரு தகரப் பேணியில் சேர்த்து வைத்திருந்தாள். ஒரு கரித்துண்டில் நெருப்பு மூட்டி அதன்மேல் ஒரு சிட்டிகை தூவினாள். அப்படியே கோயில் மணம். பெண்ணின் அம்மா தன்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டா. அந்த மணத்தில் எல்லோருடைய முகமும் கொஞ்சம் இளகியது.

புது மூசை ஒன்றை எடுத்து வைத்தாள் போலந்துக்காரி. வெள்ளி உருக்கிய கிண்ணத்தில் தங்கத்தைப் போடக்கூடாது என்று அதற்கென்றே வாங்கி வைத்திருந்தாள். வெங்காரத்தைத் தூவினாள். காஸ் குழாயைக் கையில் எடுத்தாள். மச்சாள் காசை நெற்றியில் ஒற்றி, மூசைக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனா.

போலந்துக்காரி தன் உள்ளங்கையால் மூசையை மூடிவிட்டாள்.

அவள் மச்சாளைப் பார்க்கவில்லை. எல்லோருடைய தலைக்கும் மேலால் என்னைத்தான் தேடினாள். இந்தக் காசு அவளுடையது, அவள் எங்கே என்று கேட்டாள். மகன் ஏதோ சமாளித்தான், இவ எங்கள் மாமி, குடும்பத்தில் பெரியவ என்றான். மச்சாளுக்கு அது போதவில்லை. தனக்குத் தெரிந்த இத்தாலியில், வேதோவா, வேதோவா என்று என்னைக் காட்டிச் சொல்லி, அது கூடாது என்று விரலை ஆட்டினா. இத்தாலி பாஷையில் கைம்பெண்ணுக்கு அந்தச் சொல்தான். அத்தனை பேருக்கு நடுவில் அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு குறுகிப்போயிற்று.

போலந்துக்காரி குழாயை மேசையில் வைத்தாள். காஸைத் திருகி மூடினாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள்.

"எனக்கு அவளை மட்டும்தான் தெரியும். கொண்டுவந்தவள் போடுவாள். இல்லாவிட்டால் நான் நெருப்பு மூட்டமாட்டேன்."

பெண் வீட்டுப் பக்கத்தில் யாரோ கடிகாரத்தைப் பார்த்தார்கள். எனக்கு அவள்மேல் ஆத்திரம் வந்தது. இத்தனை நாள் கெஞ்சி மன்றாடி, சபையைக் கூட்டி, கடைசி நேரத்தில் ஒரு சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கெடுக்கப் பார்க்கிறாளே என்று நினைத்தேன். திரைச்சீலைக்குப் பக்கத்தில் நின்றபடியே, பரவாயில்லை, மச்சாள் போடட்டும், நான் சம்மதம் தருகிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். நான் நாள்தோறும் வந்து கேட்டபோது எப்படி ஆட்டினாளோ, அதே ஆட்டல்.

அந்த ஆட்டலைக் கண்டதும்தான் எனக்கு உறைத்தது. இவள் முடியாது என்றபோதெல்லாம் நான் திரும்பத் திரும்ப வந்து குந்தினேனே, எதற்காக? இதே காசு, எல்லோர் கண்ணுக்கும் முன்னால் என்று. பாரிஸும் வேண்டாம், ஊரும் வேண்டாம் என்று ஊரையே பகைத்துக்கொண்டேனே. காசுக்காக இத்தனை சண்டை பிடித்தவள், எனக்காக ஒரு வார்த்தை பேசாமல் சட்டி அடுக்குக்குப் பின்னால் நிற்கிறேன். பசியிலும் விற்காமல் வைத்திருந்தது யார்? செபமாலைப் பைக்குள் கட்டிக்கொண்டு கடல் தாண்டியது யார்? வேறு நாட்டுக்காரி ஒருத்திக்கு அது தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. வெட்கமாகவும் இருந்தது, ரோசமாகவும் இருந்தது.

நான் முன்னுக்கு வந்தேன். இடமில்லாத இடத்தில் எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். மச்சாளுக்கு முன்னால் கையை நீட்டினேன். அவ என் முகத்தைப் பார்த்தா, காசை வைத்தா. ஆனால் நான் உடனே போடவில்லை. அது என் மகனுடைய தாலி மட்டும் இல்லையே. பெண்ணைப் பெற்றவளிடம் கேட்காமல் செய்வது நியாயமில்லை. அவவின் பக்கம் திரும்பினேன்.

"உங்கட பிள்ளையின்ர கழுத்திலை ஏறப்போற பொன். நீங்கள் வேண்டாம் எண்டால் சொல்லுங்கோ. காசை எடுத்துக்கொண்டு இப்பவே போறன். ஆனால் போட்டால் நான்தான் போடுவன்."

பெண்ணின் அம்மா என்னிலும் இளையவ. அதிகம் கதைக்காத மனுசி. கணவனைப் பார்த்தா, பிறகு என் மச்சாளைப் பார்த்தா. அவவின் கண்ணில் பயம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். பெற்ற பிள்ளையின் வாழ்க்கை என்றால் யாருக்கும் இருக்கும். கரித்துண்டில் அம்ப்ராத் தூள் புகைந்துகொண்டிருந்தது.

"இவ்வளவு காலமும் உங்கட கையிலைதானே அக்கா இருந்தது," என்றா அவ. "இன்னும் ஒரு நிமிசம் இருந்தால் என்ன வரப்போகுது? போடுங்கோ."

நான் போட்டேன். காசு மூசையில் விழுந்த சத்தம் மிகச் சின்னது. போலந்துக்காரி காஸைத் திறந்து பற்றவைத்தாள். எல்லோரும் குனிந்தோம். முதலில் காசில் இருந்த முகம் அழிந்தது. பிறகு ஓரம் வளைந்தது. வெகுநேரம் ஒன்றும் ஆகாத மாதிரி இருந்து, திடீரென்று அது தன் பிடியை விட்டது. மூசையின் நடுவில் ஒரு துளி, சிவந்து, உருண்டு, துடித்துக்கொண்டு நின்றது. பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் வைத்துப் பொத்திய காசு. அவர் எனக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்றே அந்த நேரம் நினைத்தேன். நினைத்தேன் என்ன, நின்றார். நான் விம்மி விம்மி அழுதேன். மகன் பின்னால் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டான். பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பார்த்தால் மச்சாள்.

ஆறிய பொன்னை எடுத்துவைக்க வெள்ளித்தட்டு கொண்டுபோயிருந்தோம். பெண்ணின் அம்மா அலுமாரியைக் காட்டி, அந்த மயில்கண் தட்டில் வைப்போம் என்றா. கூசா ஒரு மாதிரியும் தட்டு ஒரு மாதிரியும் வேண்டாமாம். நீலப் பொட்டுகளுக்கு நடுவில், மஞ்சளும் பூவும் சுற்றி வைத்து, அந்தச் சின்னப் பொன் கட்டி ஒரேத்தோவுக்குக் காரில் போனது. மருமகள் வாசலுக்கு வந்து அதை ஒற்றை விரலால் தொட்டாள். இன்னும் சூடாக இருக்கிறது மாமி என்றாள். ஆறி எவ்வளவோ நேரமாகியிருந்தது, ஆனாலும் அவள் சொன்னதை நான் நம்பினேன்.

தாலி செய்ய நாள் எடுத்தது. போலந்துக்காரி முதலில் கீறிக் காட்டிய புறா, பொலிதேயாமாச் சதுக்கத்தில் மக்கள் போடும் பாண் துண்டைத் தின்று கொழுத்துத் திரிகிற புறாவைப் போலவே இருந்தது. இது பரிசுத்த ஆவி, கொஞ்சம் மெலிந்தே இருக்கட்டும் என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு மறுபடி கீறினாள். வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். மிஞ்சிய பொன் தூளைக்கூட ஒரு கடதாசியில் மடித்து என் கையில் தந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் என்ன செய்தாள் என்பதை ஒரு நாள் விளக்கிச் சொன்னேன். எங்கள் ஆட்களுக்குள் கைம்பெண் என்றால் என்ன, கதவோரத்துக் கதிரை என்றால் என்ன என்று எல்லாம். அவள் கவனமாகக் கேட்டாள். அது தனக்குத் தெரியாது என்றாள். தெரிந்திருந்தாலும் சட்டம் சட்டம்தான் என்றாள். பிறகு, தேங்காய் வைத்த கூசாவை இனி விற்க மனம் வராது, நீ கொண்டுபோ என்று தூக்கித் தந்தாள்.

மச்சாள் அதைப் பற்றி இன்று வரைக்கும் ஒன்றும் கதைத்ததில்லை. அந்தப் போலந்துக்காரிக்குச் சரியான வாய் என்று மட்டும் யாரிடமாவது சொல்வா. ஆனால் தன் பேத்தியின் பொன்னுருக்குக்கு அதே பட்டறையில் நாள் கேட்டுத் தரச் சொல்லி போன மாதம் டெலிபோனில் என்னைத்தான் கூப்பிட்டா. கூசாவையும் மறக்காமல் கொண்டுவரச் சொன்னா. வாறன், ஆனால் பின்னாலை நிற்க வரமாட்டன் என்றேன். சரி, வா என்றா.

மருமகள் எனக்குத் தேத்தண்ணீர் தரக் குனிகிறபோது, சட்டைக்கு வெளியே வந்து அந்தப் புறா ஆடும். அதைக் காணுகிற ஒவ்வொரு முறையும் என் வலது கையை நானே ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன், அதைப் போட்டது இந்தக் கைதான் என்று.